உயரமானவர்களுக்கு இடம் தரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பெங்களூரில் தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கக் கிளம்புகிறவர்கள் என்ஜினைப் பற்றி விசாரிப்பார்கள், துருவைத் தட்டிப் பார்ப்பார்கள், விலையில் மல்லுக்கட்டுவார்கள். தங்கள் உடம்பு அதற்குள் அடங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. ஆறடியைத் தாண்டியவர்கள் எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டியது அதைத்தான். அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் பட்டறை நடத்தும் தமிழ் மெக்கானிக்குகளிடமும், அவர்களிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்களிடமும் பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் உயரம் 6 அடி 2 அங்குலம். எந்தக் காரில் தலை தட்டாது?

அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால்கள் நீளமாக இருக்கும், மற்றவருக்கு இடுப்புக்கு மேல் நீளமாக இருக்கும். முதலாமவருக்குத் தலை தப்பிவிடும், முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டும். இரண்டாமவருக்குக் காலுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும், உச்சந்தலை கூரையை உரசும். இருவருக்கும் ஏற்ற கார்கள் வேறு வேறு.

உட்கார்ந்த உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். மெத்தை இல்லாத முக்காலியில், முதுகு சுவரில் படிய நிமிர்ந்து உட்கார வேண்டும். உச்சந்தலையில் ஒரு புத்தகத்தைப் படுக்கவைத்து, அதன் அடி விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் வீட்டில் யாரையாவது பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முக்காலியின் மேற்பரப்பிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் அது மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். 188 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 95 முதல் 99 செ.மீ. வரை வரலாம். அந்த 4 செ.மீ. வித்தியாசத்தில்தான் கார் பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் இருக்கிறது. கூடவே, சுவரிலிருந்து முழங்காலின் முன்புறம் வரை உள்ள நீளத்தையும், நீங்கள் கார் ஓட்டும்போது அணியும் ஷூவின் நீள அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரில் எதை அளப்பது?

சீட்டில் உட்கார்ந்தபின் தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல்களை அடுக்கி நுழைக்க முடிய வேண்டும். வெளிநாட்டில் இதைவிடக் குறைந்த இடைவெளியோடு சமாளித்துவிடலாம். நம் ஊர் வேகத்தடைகளும் குழிகளும் அதற்கு இடம் தராது. வண்டி ஒருமுறை தூக்கிப்போட்டால் உடல் சீட்டிலிருந்து எழும். மெல்லிய உள்துணிக்கு மேலே இருப்பது வெறும் இரும்புத் தகடு.

மடக்குக் கூரை உள்ள காராக இருந்தால் துணியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். துணியைத் தாங்கும் குறுக்குக் கம்பி எங்கே வருகிறது என்று தடவிப் பாருங்கள். சில கார்களில் அது ஓட்டுநரின் தலைக்கு நேர் மேலே ஓடும்.

திறந்த கார்தானே? கூரையே இல்லாதபோது உயரம் எப்படித் தடையாகும்?

மூன்று விதங்களில் தடையாகும். முதலாவது, முன்கண்ணாடியின் மேல் சட்டம். உயரமானவர்களின் கண்கள் சரியாக அந்தச் சட்டத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். சாலையைச் சட்டத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பதா, மேலே எட்டிப் பார்ப்பதா என்ற திண்டாட்டம் ஓட்டும் நேரமெல்லாம் தொடரும். சிக்னலில் முதல் வண்டியாக நின்றால் விளக்கின் நிறம் தெரியாது. இரண்டாவது, மழை. பெங்களூரின் வானிலை திறந்த காருக்கு ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை மாலை நேரத்தில் எப்போது கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கூரையை மூடி உட்கார்ந்து பார்க்காமல் எந்தத் திறந்த காருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, பாதுகாப்பு. தலை முன்கண்ணாடிச் சட்டத்தைவிட உயர்ந்து நின்றால், வண்டி கவிழும்போது முதலில் தரையைத் தொடுவது தலைதான்.

உயரமானவர்களுக்கு ஒரே ஒரு காரைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

எம்.ஜி.பி. ஜிடி. தயங்காமல் சொல்வேன்.

எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எம்.ஜி.பி. 1962-இல் வந்தது, 1980 வரை தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார். அதற்கு முந்தைய பல பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்த தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, உடலையே சட்டகமாக அமைத்தார்கள். தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது, உள்ளே இடம் பெருகியது. சீட் பின்னால் நகரும் தூரமும் தாராளம். 1965-இல் வந்த ஜிடி, இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம் கைவைத்த மூடிய கூரை வடிவம். இதில் முன்கண்ணாடியைத் திறந்த காரில் இருப்பதைவிட உயரமாக்கினார்கள். அதனால் கூரை மேலே போனது, சட்டமும் கண்ணை விட்டு விலகியது. திறந்த எம்.ஜி.பி.யில் கால்களுக்குக் கிடைக்கும் இடம் அப்படியே இதிலும் உண்டு.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லா உதிரிபாகங்களும் மாற்றிப் போட வராது. ஆனால் அம்பாசடரைக் கழற்றிப் பூட்டிய கைகளுக்கு இந்த என்ஜின் அந்நியமல்ல. வால்வு இடைவெளி வைப்பதற்கும் எஸ்.யு. கார்புரேட்டரைச் சரிசெய்வதற்கும் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

ஜாகுவார் இ-டைப் மீதுதான் என் உயிரே. உயரமானவர் உட்கார முடியுமா?

எந்த இ-டைப் என்பதைப் பொறுத்தது. 1961-இல் வந்த முதல் கார்களின் தரை ஒரே தட்டையாக இருந்தது. உயரமானவர்கள் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டே கால் வைக்கும் இடத்தில் தரையைப் பள்ளமாக்கினார்கள், சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்பையும் குடைந்து இடம் செய்தார்கள். சேகரிப்பாளர்கள் தட்டைத் தரைக் கார்களுக்கு அதிக விலை கொடுப்பார்கள். நீங்கள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

1966-இல் பின்சீட்டோடு வந்த 2+2 வடிவம் 9 அங்குலம் நீட்டப்பட்டது, கூரையும் உயர்த்தப்பட்டது. வளைவின் அழகு குறைந்துவிட்டது என்று அதைப் பலர் ஒதுக்குவார்கள். உயரமானவர்களுக்கு அதுதான் வரம், மற்ற இ-டைப்களைவிட விலையும் குறைவு. 1971-இல் தொடங்கிய மூன்றாம் வரிசையில், பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினோடு, திறந்த காரையும் அதே நீண்ட சட்டகத்தில் கட்டினார்கள். திறந்த இ-டைப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதைத் தேடலாம். ஸ்டியரிங் தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பொருத்தும் வசதி இந்தக் கார்களில் இருப்பது கூடுதல் நன்மை.

ஜெர்மன் கார்கள், ஜப்பானியக் கார்கள்?

போர்ஷே 911 வெளியே சிறியதாகத் தெரியும், உள்ளே உட்கார்ந்தால் ஆச்சரியப்படுவீர்கள். நிமிர்ந்த முன்கண்ணாடி, உயர்ந்த கூரை, நாற்காலியில் உட்காருவது போன்ற இருக்கை. ஆனால் கூரையில் திறப்பு வைத்த கார்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தத் தகடும் அதன் தண்டவாளமும் விலைமதிப்பற்ற இடத்தைத் தின்றுவிடும். இது எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்.

1963 முதல் 1971 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். வரிசைக்குப் 'பகோடா' என்று பெயர் வந்ததே அதன் கழற்றும் கூரையால்தான். நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்த கூரை அது. கதவின் கண்ணாடிகள் உயரமாக இருப்பதால் தலையை நுழைத்து ஏறுவதும் எளிது. டாட்சன் 240-இசட், நெடிய அமெரிக்கர்களை மனத்தில் வைத்து உருவான கார், உயரமானவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். இந்தியாவில் கிடைப்பது மிக அரிது என்பதுதான் குறை.

பட்ஜெட் குறைவு. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் எப்படி?

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறக்காதவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் பழகிய முகம். இரண்டையும் வடிவமைத்தவர் மிக்கெலோட்டி. ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் அமைப்பும் ஒரே வம்சம். முன்பக்கமாகத் திறக்கும் அந்தப் பெரிய பானெட்டும் அப்படியே. ஹெரால்டு பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டறைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உண்டு என்பதால் பராமரிப்பு பயமுறுத்தாது.

கால் நீளமானவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் நன்றாகவே இடம் தரும். கூரை மூடினால் உடல் நீளமானவர்கள் திணறுவார்கள். இந்தக் காரை வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் முக்காலி அளவே சொல்லிவிடும்.

எவற்றைத் தவிர்ப்பது?

ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட், எம்.ஜி. மிட்ஜெட் இரண்டும் அருமையான சின்னக் கார்கள், ஆனால் ஆறடிக்கு மேல் வேதனைதான். லோட்டஸ் எலானில் பெடல்கள் நெருங்கி இருக்கும். நான்கு சீட்டு எலான் பிளஸ் 2 ஓரளவு பரவாயில்லை. பழைய ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் கால்களை மடக்கிக் கைகளை நீட்டி உட்கார வேண்டியிருக்கும், நெடுங்கால்காரர்களுக்கு அரை மணி நேரத்தில் முழங்கால் கெஞ்சும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வந்த எம்.ஜி. டிசி போன்ற கார்களில் பெரிய ஸ்டியரிங் நெஞ்சருகே நிற்கும். கதவின் மேல்புறம் தாழ்த்தி வெட்டப்பட்டிருப்பதால் முழங்கை வெளியே போக இடம் கிடைக்கும் என்பது அதில் ஒரு வசதி.

உட்கார்ந்து பார்த்தேன், சரியாக இருந்தது. சீட்டைப் புதுப்பித்த பிறகு தலை இடிக்கிறது. ஏன்?

இது பலருக்கும் நடப்பது, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகள் பழகிய சீட்டில் ஃபோம் பொடியாகியிருக்கும், அதைத் தாங்கும் ரப்பர் பட்டைகள் தொய்ந்திருக்கும். உட்கார்ந்தால் உள்ளே புதைவீர்கள். அப்படிப் புதைந்ததுதான் உங்கள் தலைக்கு இடம் கொடுத்தது. புதிய பட்டை, புதிய ஃபோம், புதிய தோல் போட்டதும் சீட் பழைய உயரத்துக்கு நிமிர்ந்துவிடும். சில நேரம் அதற்கும் மேலே போகும். குஷன் தைப்பவர்கள் சீட் உப்பி எடுப்பாக இருந்தால்தான் வேலை சுத்தம் என்று நினைப்பார்கள். அவர்கள் தொழிலில் அது நியாயமான எண்ணம், நாம்தான் நமக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே காரைப் பார்க்கும்போதே சீட்டின் அடியில் கைவிட்டுப் பட்டையின் இழுவிசையைச் சோதியுங்கள். தொய்ந்திருந்தால், இப்போது தெரியும் இடைவெளியில் மூன்று, நான்கு செ.மீ.யைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். வாங்கிய பிறகு ஜே.சி. ரோட்டில் சீட் வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், தோலை இழுத்துத் தைப்பதற்கு முன் ஃபோமை மட்டும் வைத்து, சீட்டைக் காரில் பூட்டி, உட்கார்ந்து பார்த்தபின்தான் மேலே செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அடியில் அடர்த்தியான மெல்லிய அடுக்கும் மேலே மென்மையான அடுக்கும் வைத்தால், தடிமன் குறைந்தும் இடுப்பு வலிக்காது.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு. சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் தூக்கினால், தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவே நீளவாக்கில் மரப்பட்டைகள் தெரியும். மழைநீர் ஊறி ஊறிக் கறுத்துப்போய், போல்ட் துளையைச் சுற்றி துருவின் செம்மை படிந்து கிடக்கும். சீட்டை உயர்த்துவதற்காகத் தொழிற்சாலையிலேயே வைத்தவை அவை. அவற்றை எடுத்துவிட்டால் சீட் அந்த அளவுக்கு இறங்கும். கம்பளம் தண்டவாளத்தில் சிக்காதபடி அதன் அளவுக்கு வெட்டிவிட வேண்டும், போல்ட்டுகளைக் குட்டையானவையாக மாற்ற வேண்டும். மரப்பட்டைகளைத் துடைத்துக் காயவைத்து ஒரு பையில் போட்டு, அடுத்த உரிமையாளருக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

சீட்டின் முதுகைச் சாய்த்தால் போதாதா?

ஓரளவு உதவும். 95 செ.மீ. உடலை 10 பாகையிலிருந்து 25 பாகைக்குச் சாய்த்தால், கணக்குப்படி 7 செ.மீ. வரை இறங்கும். ஆனால் சாலையைப் பார்க்க நாம் கழுத்தை நிமிர்த்துவோம், அதில் பாதி திரும்பிவிடும். கைகளும் ஸ்டியரிங்கை விட்டு விலகும். கழுத்து வலியோடு ஓசூர் வரை போய்வர எந்தக் காரும் தகுதியானதல்ல.

தரையை வெட்டித் தாழ்த்திவிடலாம் என்கிறார் டிங்கரிங் வேலை செய்பவர். செய்யலாமா?

கூடாது. எவ்வளவு திறமையானவர் சொன்னாலும் கூடாது.

எம்.ஜி.பி., இ-டைப் போன்ற கார்களில் தரைத்தகடும் வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதி. அதை வெட்டி வேறு தகட்டைப் பற்றவைத்தால் விறைப்பு போகும், நீர் தேங்கும், துரு பிடிக்கும். அடுத்தது சட்டம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, தன் அசல் வடிவத்தில் காக்கப்பட்ட வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளுக்கு இந்தத் தகுதி இல்லை. இரண்டு அங்குலத்துக்காகத் தரையை வெட்டினால் அந்த வாசலை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். சாதாரணப் பதிவில் இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி மாற்றங்கள் செய்வதைத் தடுக்கிறது.

போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். அதற்குள் உங்கள் உடம்பு அடங்கவில்லை என்றால் அந்தக் கார் உங்களுடையதல்ல, அதற்குப் பொருத்தமானவரிடம் போகட்டும். இந்தக் கார்கள் இனிப் பிறக்கப்போவதில்லை.

ஸ்டியரிங் தொடையில் உரசுகிறது.

14 அங்குல ஸ்டியரிங் சக்கரம் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அந்தக் காலச் சக்கரங்கள் 16 அங்குலத்தை ஒட்டியவை. பவர் ஸ்டியரிங் இல்லாததால், வண்டியை நிறுத்தும் இடத்தில் திருப்புவது சற்றுக் கனமாகும். அசல் சக்கரத்தைத் துணியில் சுற்றி வையுங்கள்.

என் கால் பெரியது. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரும் அமுங்குகிறது.

இதில் சமரசமே வேண்டாம். அகலம் குறைந்த, மெல்லிய அடியுள்ள ஷூவை ஓட்டுவதற்கென்று தனியாகக் காரிலேயே வையுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.

பாதுகாப்பில் உயரமானவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, கட்டாயம் உண்டு. அறுபதுகளின் சீட்டுகளில் முதுகுப் பலகை தோள் வரைகூட வராது, தலையணை இருக்காது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்து பின்னோக்கி மடியும். உயரமானவருக்கு ஆபத்து அதிகம். பிற்காலத்தில் தலையணையோடு வந்த சீட்டுகள் அதே மாடலில் இருந்தால் அவற்றைத் தேடிப் போடுங்கள். அடுத்தது சீட் பெல்ட். தோள்பட்டையின் மட்டத்தைவிட மிகத் தாழ்வான இடத்தில் அது பொருத்தப்பட்டிருந்தால், மோதலின்போது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பெல்ட் தோளிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கோணத்தை உட்கார்ந்த நிலையில் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசை. ஹெல்மெட் போட்டால்?

ஹெல்மெட் தலைக்கு மேல் 5 செ.மீ. வரை சேர்க்கும். கார் வாங்கும்போதே ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். திறந்த காராக இருந்தால், முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கப் பின்னால் வைத்திருக்கும் இரும்பு வளைவு வரை ஒரு நேர்க்கம்பை வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே நன்றாக அடங்க வேண்டும்.

பந்தய வீரர்களில் உயரமானவர்கள் என்ன செய்தார்கள்?

ஃபோர்டு ஜிடி40 காரின் பெயரில் உள்ள 40, அதன் உயரம் 40 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. தரையிலிருந்து கூரை வரை ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதன் வழிவந்த மார்க் 4 காரில், ஆறடியைத் தாண்டிய டான் கர்னியின் ஹெல்மெட் அடங்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கூரையில் ஒரு புடைப்பை உருவாக்கினார்கள். அந்தக் காரில்தான் 1967-இல் அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றார்கள். 'கர்னி புடைப்பு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இத்தாலியின் ஸகாட்டோ நிறுவனம் கூரையில் வைத்த இரட்டைப் புடைப்பும் இரு தலைகளுக்கு இடம் தரும் ஏற்பாடுதான். மொத்தக் கூரையையும் உயர்த்தாமல் தலை இருக்கும் இடத்தை மட்டும் உயர்த்துவது எவ்வளவு அழகான யோசனை!

நான் நெட்டை, என் மனைவி உயரம் குறைந்தவர். இருவரும் ஓட்ட முடியுமா?

முடியும். சீட்டை உங்களுக்காகத் தாழ்த்திவிட்டு, அவருக்கு ஒரு கெட்டியான, நழுவாத குஷன் செய்து வையுங்கள். சீட் தண்டவாளம் தடையின்றி நகர்ந்து உறுதியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பல பழைய கார்களில் ஒரே இடத்தில் துருவேறி நின்றுவிட்டிருக்கும்.

வாங்கும் முன் கடைசியாக என்ன சோதனை?

உரிமையாளரின் அனுமதியோடு அரை மணி நேரம் உள்ளே உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாக் காரும் வசதியாகத்தான் இருக்கும். கூரையை மூடி, கதவைச் சாத்தி, கிளட்ச்சைத் தொடர்ந்து மிதித்து விடுங்கள், சில்க் போர்டு சந்திப்பில் அதைத்தானே செய்யப்போகிறீர்கள். வலது பக்கம் முழுவதும் திரும்பி பின்னால் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு கார் நெருக்கி நிற்கும் நிலையில், கதவைப் பாதி மட்டும் திறந்து இறங்கிப் பாருங்கள். இடது பக்க ஸ்டியரிங் கொண்ட காராக இருந்தால், இயங்கும் நிலையில் சைகை விளக்குகள் இருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி கட்டாயம், அதையும் எரியவைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபின் விலை பேசுங்கள்.